கறுப்புச் சாம்பிராணி

— ஏன் ஷிரினு வாசல்லயே நிக்கிற? உள்ள வா. இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே, ஒனக்குச் சாம்பிராணி அப்பவே கட்டி வச்சுட்டேன்.

— சாம்பிராணிக்கு வரலைண்ணே.

— சரி, வந்தியே, அது போதும். ரெண்டு மாசமா நீ இந்தக் கடைப்படி ஏறல. ஒங்க வீட்டுக்காரர் ஷாஹுல் மாப்ளதான் வந்து வாங்கிட்டுப் போவாரு. மூணு வாரமா அவரையும் காணோம். இந்தா, புடி. எங்க வீட்டுச் சாமி படத்துக்குன்னு எப்பவோ எடுத்து வச்சது, அசல் சரக்கு. காசெல்லாம் வேணாம் தாயி.

— அய்யாசாமி அண்ணே, அதைக் கீழ வைங்க. அதை வேற குடுத்து என்னைக் கொல்லாதீங்க. மாடியில இருந்து எறங்குறதுக்குள்ள மூணு தடவை திரும்பிப் போயிட்டேன். சொல்லணும்னுதான் வந்தேன், வாய் கூசுது.

— என்ன தாயி? புள்ளைக்கு மறுபடியும் இழுப்பா?

— அதான் இல்லைண்ணே. மூணு வாரமா ஃபஹீமா நல்லாத் தூங்குறா. நெஞ்சுல அந்த விசில் சத்தமே இல்ல.

— மகமாயி காப்பாத்துனா! இதைச் சொல்றதுக்கா வாய் கூசுது?

— கூசும்ணே. அன்னைக்கு வார்டு ஆபீஸ்ல நான் ஆடுன ஆட்டம் ஒங்களுக்கு மறந்தா போச்சு?

— சரி விடு தாயி. அது எப்பவோ நடந்தது.

— விட மாட்டேன். தெருவையே கூட்டிக்கிட்டுப் போனேன். மீ போயி, கரண்ட்டு நின்னு லைட் அணைஞ்சா போதும், கீழ்க் கடைக்காரரு ஜெனரேட்டரைப் போட்டுர்றாரு, புகையெல்லாம் என் சன்னல்ல ஏறுது, எம்புள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு கத்துனேன். ‘இவ தலையை மோந்து பாருங்க, டீசல் வாடை அடிக்குது’ன்னு வார்டுத் தலைவர் ஊ மிண்ட் மூக்குகிட்டயே புள்ளையைத் தூக்கிக் காட்டுனேன். ஒருத்தர் பாக்கியில்லாம மோந்து பாத்தாங்க. நீங்க தலையைக் குனிஞ்சு நின்னீங்க. ஒரு வார்த்தை பேசலையே!

— பேச என்ன இருந்துச்சு.

— அன்னைக்கே ஜெனரேட்டருக்குச் சாக்கைப் போத்திட்டீங்க. மாவு மெஷின் நின்னு போச்சு. மொளகாப்பொடி அரைக்க வந்தவங்க எல்லாம் அடுத்த தெருவுக்குப் போயிட்டாங்க. நெருப்பில்லாமப் புகையுமான்னு மாடிப் பொம்பளைங்க பேசினப்ப, சொல்லப்போனா நானும் கூடச் சேந்து சிரிச்சேன்.

— சிரிக்கட்டும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் மீ விடுறான்ல, அதுக்குள்ள அரைச்சுக்குவேன்.

— ஆனா ஜெனரேட்டர் நின்ன பெறகும் இழுப்பு நிக்கலைண்ணே. ஊரே புகையாத்தான கெடக்கு. காலையில சூலே பக்கம் போனா புத்தர் கோயில் கோபுரமே மங்கலாத் தெரியுது. அதுதான் காரணம்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா, அந்த ஸயாமாதான் பொறுமையாக் கேட்டாங்க, எந்தக் கிழமையில அதிகமா இழுக்குதுன்னு. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன். வியாழக்கிழமை அந்திக்குப் பெறகு. ஒரு வாரம் தவறலை.

— ம்.

— வியாழன் அந்தி சாஞ்சா எங்களுக்கு வெள்ளி ராவுல்ல, அதுக்குன்னு புள்ளைக்குத் தலைக்கு ஊத்தி, கூடையைக் கவுத்து, ஈரத் தலைக்கு நான்தான் சாம்பிராணி போடுறேன். அப்ப சன்னலையும் இறுக்கிச் சாத்திருவேன். எதுக்கு? ஒங்க ஜெனரேட்டர் புகை உள்ள வந்துரக் கூடாதுன்னு! கேட்டீங்களா கூத்தை? நிறுத்திப் பாருன்னாங்க ஸயாமா. நிறுத்துனேன். இழுப்பும் நின்னுச்சு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிப்போச்சுண்ணே. எம்புள்ளை மூச்சை நானே அடைச்சுட்டு ஒங்களைத் தெருவுல நிறுத்திட்டேன். நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருக்கு.

— ஸயாமா… வேற ஒண்ணும் கேக்கலையா?

— மிச்சம் கெடந்த கட்டியைக் கொண்டு போயிக் காட்டுனேன். ஏன் இவ்வளவு கறுப்பா இருக்குன்னாங்க. நீங்க எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பிச்சேன். இது சுமத்ராத் தீவுச் சரக்கு, அங்க எரிமலை புகைஞ்சு சாம்பலெல்லாம் மரத்துல படிஞ்சிருச்சு, பால் வடியுறப்பவே கறுத்துப் போயிருதாம்னு.

— அதைப் போயி அங்க சொன்னியா!

— ஏன், சொன்னா என்ன? எனக்கு அந்தத் தீவு நெனப்பு அடிக்கடி வருதுண்ணே. நமக்காவது நாலு மழை விழுந்தாப் புகை அடங்கிரும். அவங்களுக்கு மலையே புகையுது, எங்க போவாங்க? காயப்போட்ட துணியில சாம்பல், சோத்துல சாம்பல். அங்கயும் ஃபஹீமா வயசுல புள்ளைங்க இருக்கும்ல? தொழுது முடிச்சு இவளுக்கு துஆ கேக்குறப்ப அந்தப் புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்.

— ஷிரினு, போதும்மா.

— ஸயாமா அந்தக் கட்டியை மோந்து பாத்தாங்க. பாத்துட்டு அதைத் தள்ளி வச்சாங்க. எந்தக் கடையில வாங்குனேன்னு கேட்டாங்க. மார்க்கெட்ல யார்கிட்டயோன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை ஒங்க பேரைக் கெடுத்தது பத்தாதா?

— எம்பேரைச் சொல்லியிருக்கலாம் தாயி. சொல்லியிருக்கணும்.

— அதெப்படிச் சொல்லுவேன்? சரி, இப்பக் கேளுங்க. நாலு மணிக்கு ஊ மிண்ட் இங்க வர்றாரு. தெருக்காரங்களையும் வரச் சொல்லிட்டேன். அத்தனை பேர் முன்னாடியும் ஒங்ககிட்ட மாப்பு கேக்கப் போறேன். நான் சொன்னது அபாண்டம்னு தமிழ்லயும் சொல்லுவேன், பர்மாக்காரங்க பாஷையிலயும் சொல்லுவேன். சொல்லி முடிச்சதும் நீங்க அந்தச் சாக்கை எடுத்துப் போட்டுட்டு ஜெனரேட்டரை ஓட விடணும்.

— வேணாம். அவங்க யாரும் வர வேணாம்னு சொல்லு. இப்பவே போன் போடு.

— பாத்தீங்களா, இந்தக் கொணந்தான் என்னை அறுக்குது. அன்னைக்கும் இப்படித்தான, நான் வாய்க்கு வந்ததைப் பேசுறேன், நீங்க பொறுத்துக்கிட்டு நின்னீங்க. வேற ஆளா இருந்தா என்னைக் கிழிச்சிருப்பான்.

— கொணமா? ஐயோ, ஷிரினு… ஒன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

— நீங்க எதுக்குண்ணே கும்பிடுறீங்க? எடுங்க கையை. மணி ஆயிருச்சு, அந்தா முக்குல வர்றாங்க பாருங்க. ஊ மிண்ட்தான் முன்னால வர்றாரு.

— அவங்க வர்றதுக்குள்ள அந்தப் பொட்டலத்தைப் பிரி.

— இப்ப எதுக்கு?

— பிரி தாயி.

— என்னண்ணே இது… வெள்ளையும் பழுப்புமா இருக்கு. கறுப்பே இல்லையே. வாசனை கூட வேற மாதிரி, எங்க உம்மா போடுற காலத்து வாசனை.

— அதுதான் சாம்பிராணி.

— அப்ப இத்தனை நாளா எங்களுக்குக் குடுத்தது?

— ரெண்டு வருஷமா எனக்குச் சரக்கு வரலை. இல்லைன்னு சொன்னா வாடிக்கை போயிரும்னு பயந்தேன். கொஞ்சம் குங்கிலியம், மீதி மரத்தூள், அதை மெஷின்ல போட்டு அரைச்சேன். கட்டியா நிக்கல, உதுந்து உதுந்து போச்சு. ஜெனரேட்டர்ல கழிச்ச ஆயில் டின்னுல கெடந்துச்சு. அதை ஊத்திப் பெசஞ்சேன். நல்லாப் பிடிச்சுக்கிச்சு, ஆனா கறுத்துப் போச்சு. நீ ‘ஏன்ணே கறுப்பா இருக்கு’ன்னு கேட்ட. என்னைக்கோ டீவியில பாத்த எரிமலை வாயில வந்துருச்சு.

— அந்தத் தீவுப் புள்ளைங்க…

— எனக்கு எந்தத் தீவையும் தெரியாதும்மா. அன்னைக்கு ஊ மிண்ட் ஒம்புள்ள தலையை மோந்து முகம் சுளிச்சாரு பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. அதான் தலை நிமிரலை. பொறுமையும் இல்ல, கொணமும் இல்ல. அதுக்கப்புறமும் அஞ்சு வியாழக்கிழமை மாப்ள கையில அதையேதான் குடுத்தேன். நான் மனுசனே இல்ல.

— அண்ணே… கங்குல போட்டு, நானே ஊதி ஊதி… யா அல்லா. அவங்க வாசலுக்கே வந்துட்டாங்க. இப்ப நான் என்னத்தைச் சொல்றது?

— அன்னைக்குச் சொன்னதையே சொல்லு. நீ அபாண்டம் சொல்லல, ஷிரினு. புள்ள தலையில அடிச்சது என் ஜெனரேட்டர் வாடைதான்.