மாத்திரை பாட்டிலின் மூடி

ஹார்லிக்ஸ் பாட்டிலை எடைக்குப் போடுகிறவர்களுக்குக் குடித்தனம் செய்யத் தெரியாது என்பேன். கழுவி வெயிலில் கவிழ்த்தால் உப்புக்கு ஆகும், புளிக்கு ஆகும். ஜாம் பாட்டில் கடுகுக்குச் சரியாக இருக்கும். காபித்தூள் பாட்டிலில் ஊசி, நூல், அறுந்த பட்டன். தேவனாம்பட்டினத்துக் கடல்காற்றுக்குத் திருகு மூடிதான் லாயக்கு. இல்லாவிட்டால் இரண்டே நாளில் உப்பு நீர்விட்டுவிடும், அப்பளம் நமுத்துவிடும். இதெல்லாம் உனக்கும் தெரியும் வினோதினி. ஆனாலும் உன்னிடம் சொல்ல வேண்டியதை இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வாய் வரும்.

அப்பா போய் மூன்று மாதமாகிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து அதையே சொல்கிறாய். "நான் அந்தப் பாட்டில வாங்கிக் குடுத்துருக்கக் கூடாதும்மா. நாந்தான் அவர சாவடிச்சிட்டேன்." சோறு இறங்காமல் பாதியாகிவிட்டாய். பெற்றவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பாட்டில் மேல் தப்பில்லை. உன் மேலும் இல்லை.

உன் அப்பா நல்ல மனுஷர், ஊரே சொல்லும். குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. ஒரே ஒரு வழக்கம்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் அடுப்படிக்குள் வந்து அத்தனை பாட்டிலையும் ஒரு திருகு திருகிவிட்டுப் போவார். எறும்பு வராமல் இருக்க என்பார். காலையில் டீத்தூள் பாட்டிலோடு நான் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். சும்மா நீட்டினால் வாங்க மாட்டார்.

"வாயத் தொறந்து கேளு, தில்லை. கேட்டா குடுக்கப் போறேன்."

கேட்பேன். இரண்டு விரலால் திறந்து தருவார். சர்க்கரைக்கு ஒரு தடவை, மிளகாய்த்தூளுக்கு ஒரு தடவை. வீட்டுக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். சின்ன வயதில் நீயும் சிரித்திருக்கிறாய், அதில் எனக்கு வருத்தமில்லை. முப்பத்திநாலு வருஷம் கேட்டேன்.

பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்த பிறகு பாட்டில்கள் என் கைக்கு வந்தன. பிறகு நெஞ்சுவலியும் சேர்ந்துகொண்டது. வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை எழுதினார். ஒரு கையால் அட்டையைப் பிரிக்க முடியாதே என்று நீ அந்தக் குட்டிப் பாட்டிலைத் தேடி வாங்கி வந்தாய். தொடை இடுக்கில் வைத்து இடது கையால் திருக அவரைப் பழக்கினாய். லேசாக மூடி வையம்மா என்று என்னிடம் பத்து தடவை சொன்னாய். லேசாகத்தான் மூடினேன், ஆவணி வரைக்கும்.

ஆவணியில் ஒரு நாள் காலை டீத்தூள் பாட்டில் திறக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு அடுப்படிக்கு வந்து, இடது கையால் இறுக்கியிருக்கிறார். கொண்டுபோய் நின்றேன். கடைவாய் கோணச் சிரித்தார். ஒத்தாசை என்று நினைத்துச் செய்தாரோ என்னவோ, நான் விசாரிக்கவில்லை.

மூடியில் ரப்பர் பேண்ட் சுற்றினால் கை வழுக்காது. திறப்பதற்குத்தான் எல்லோரும் இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். மூடுவதற்கும் நன்றாக இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் மாத்திரை பாட்டிலை எடுத்து இறுக்கி, ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, அவர் தலைமாட்டில் வைத்தேன். ஒன்பது நாள்.

அவர் போன அன்றைக்குக் கடைக்குப் போயிருந்ததாக உன்னிடம் சொன்னேன். போகவில்லை. பக்கத்து அறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். கட்டில் கம்பியில் பாட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. எழுந்து போனேன். வேர்த்துக் கொட்டியிருந்தது அவருக்கு. பாட்டிலை என் பக்கம் நீட்டினார்.

"வாயத் தொறந்து கேளுங்க," என்றேன். "கேட்டா குடுக்கப் போறேன்."

கத்தவில்லை, தன்மையாகத்தான் சொன்னேன். என்னையே பார்த்தார். மறுபடி தட்டினார். நான் அவசரப்படுத்தவில்லை, கடைசி வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். சேதி கேட்டு நீ வந்து அந்த மூடியைத் திறக்கப் பார்த்தாய், உன்னாலும் முடியவில்லை. பாட்டில் கோளாறு என்று நினைத்துவிட்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அது ஒன்றுதான் நான் உனக்குச் செய்த பாவம்.

இன்றைக்கும் மூன்று மணியானால் தட்டுகிறார். எலியாக இருக்கும் என்று கட்டிலை நகர்த்திப் பார்த்தேன். வீட்டில் இருக்கிற அத்தனை மூடியையும் கழற்றிப் போட்டேன். உப்பு தண்ணீராக ஓடுகிறது, சர்க்கரையெல்லாம் எறும்பு. சத்தம் நிற்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போய் நிற்கிறேன், கேளுங்க என்கிறேன்.

பக்கவாதம் வந்த அன்றைக்கே அவருக்குப் பேச்சு போய்விட்டதே அம்மா என்பாய். எனக்குத் தெரியாதா? ஊட்டிவிட்டவள் நான்தானே. ஆனால் ஒரே ஒரு வார்த்தை வினோதினி, மனசு வைத்திருந்தால் வந்திருக்கும். செத்த பிறகும் அந்த வீம்பு போகவில்லை பார்.