அண்ணி எழுதாமல் விட்டவை

அண்ணி: முதல்ல அதை நிறுத்து. எனக்குக் கேக்கவேணாம்.

தங்கை: முழுசாக் கேட்டுட்டு அப்புறம் வேணாம்னு சொல்லுங்க அண்ணி. பதிமூணு பகுதி கேட்டாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.

அண்ணி: பாதி கேட்டதே போதும். போனைக் கவுத்து வெச்சுட்டு வந்து இந்தப் போர்வையோட அந்த மூலையைப் பிடி. ஒத்தை ஆளா மடிச்சா கோணிக்குது.

தங்கை: பிடிச்சாச்சு, இழுங்க... பெரியவன் காலையில மட்டும் எனக்கு மூணு தடவை போன் பண்ணிட்டான். "ஞாயித்துக்கிழமையோட அப்பா போயி ஒரு வருஷம் ஆகுது அத்தை, அம்மா சரின்னு அழுத்தினாத்தான் எல்லாருக்கும் அனுப்ப முடியும், நீங்க போயி எப்படியாவது அழுத்த வைங்க"ன்னு.

அண்ணி: என் மகன் எனக்குப் பண்ணாம உனக்குப் பண்றானாக்கும்.

தங்கை: நீங்க எடுக்குறதே இல்லையாமே.

அண்ணி: எடுத்தா அதைத்தான் கேப்பான்.

தங்கை: பிள்ளை ஆசையா செஞ்சிருக்கான். அண்ணன் போட்டோ, போன்ல கிடந்த ஆடியோ, அது கேட்ட கேள்விக்கெல்லாம் நாம போன்ல எழுதிக் குடுத்த பதில்னு எல்லாத்தையும் ஏஐகிட்ட குடுத்து, அண்ணனே தன் கதையைச் சொல்ற மாதிரி... அவர் குரல்லயே. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

அண்ணி: உனக்குச் சிலிர்க்காம என்ன? வாயைத் திறந்தா "என் தங்கை, என் தங்கை"ன்னுதானே சொல்லுது. நான் ஏதோ வாடகைக்கு இருந்தவ மாதிரி நடுநடுவுல வந்துட்டுப் போறேன்.

தங்கை: அப்படியெல்லாம் இல்ல. கல்யாணம் ஒரு பகுதி முழுக்க வருதே.

அண்ணி: அதுலயும் என் புடவைக் கலரைத் தேர்ந்தெடுத்தது நீன்னு வருது.

தங்கை: நான்தானே தேர்ந்தெடுத்தேன்?

அண்ணி: ...நீதான். அதை அவர் வாயால சொல்லணுமா?

தங்கை: சரி, அதை எடுத்துரலாம்.

அண்ணி: அப்புறம் முடி வெட்டுறது. சலூனுக்குப் போனா காதை வெட்டிருவான்னு அந்த மனுஷனுக்குப் பயம். இருபத்தெட்டு வருஷம் பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு நான் வெட்டிவிட்டேன். இது என்ன சொல்லுது? "என் தலைமுடியை வெட்டிய அன்பான கைகள் என் தங்கையுடையவை." நீ எத்தனை தடவை வெட்டின?

தங்கை: ஒரே தடவை... எனக்கு ஏழு வயசு, அவருக்குப் பத்து. ஒரு பக்கம் வழிச்சே விட்டுட்டேன். எங்கப்பா என்னைத் தெரு முழுக்கத் துரத்தினாரு. அதைத்தான் எழுதினேன், பொய் எழுதலை.

அண்ணி: அந்த ஒரு தடவையை இழுத்து ஆயுசு முழுக்க வெட்டினதா ஆக்கி வெச்சிருக்கு. நாலு நாளா அவர் ஸ்டூல்ல உக்காந்திருக்கிறதை நெனச்சா, கத்திரியைப் பிடிச்சிருக்கிறது உன் கையா இருக்கு. என் தலைக்குள்ளயே உன்னை ஏத்தி விட்டுருச்சு.

தங்கை: ஆளாளுக்குத் தனித்தனியா குடுத்தாலும் கேள்வி அதே நூத்திருபதுதானே அண்ணி? முடி வெட்டுறதுக்கு நீங்க என்ன எழுதினீங்க?

அண்ணி: மூலையை விட்டுட்ட பாரு. பிடி.

தங்கை: அண்ணி...

அண்ணி: ஒண்ணும் எழுதலை.

தங்கை: ஏன்?

அண்ணி: அது என்னோடது. ஸ்டூல்ல உக்காந்து கண்ணை மூடிக்கிட்டாருன்னா அப்பத்தான் மனசு விட்டுப் பேசுவாரு. அதைப்போயி போன்ல தட்டி அனுப்பி, நாளைக்கு என் சம்பந்தி கேப்பாங்க, பெரியவனோட ஆபீஸ்காரன் கேப்பான்... வேணாம்னு விட்டுட்டேன். நல்லதா இருந்ததை எல்லாம் விட்டுட்டேன். வீடு மாறின தேதி, ஸ்கூட்டர் வாங்கின வருஷம்னு அதுக்கெல்லாம் மட்டும் பதில் போட்டேன்.

தங்கை: எத்தனைக்குப் போட்டிருப்பீங்க?

அண்ணி: ஒரு முப்பது இருக்கும்.

தங்கை: நான் நூத்திருபதுக்கும் எழுதினேன்.

அண்ணி: அதான் தெரியுதே. நான் ஒளிச்சு வெச்ச இடத்துல எல்லாம் உன்னைக் கொண்டாந்து உக்கார வெச்சிருச்சு.

தங்கை: அப்ப தப்பு என்னோடதா?

அண்ணி: உன்னோடதுன்னு சொன்னேனா?

தங்கை: முகம் சொல்லுது.

அண்ணி: என் முகம் எப்பவும் இப்படித்தான். அந்தப் பேச்சாவது அவர் பேச்சா இருக்கா? "மின்தூக்கிகள் வாழ்க்கையைப் போல ஏறி இறங்குகின்றன"வாம். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்த மனுஷன் ஒரு நாளாவது மின்தூக்கின்னு சொல்லியிருப்பாரா? வீட்டுக்கு வந்ததும் கதவைத் தொடாம நின்னுக்கிட்டு, "கையெல்லாம் கிரீஸ், சோப்பை எடு"ம்பாரு. அவர் சொன்ன தத்துவம் அவ்வளவுதான்.

தங்கை: சிரிக்க வைக்காதீங்க... ஆனா குரல் அப்படியே அவரோடது.

அண்ணி: அதுதான் தாங்கலை. அந்தக் குரல் உன்னைத்தானே கூப்பிடுது.

தங்கை: அடுத்த போர்வையை எடுங்க. பெரியவன்கிட்ட முடி வெட்டினதையும் மாத்தச் சொல்லிடுறேன், ரெண்டு நிமிஷ வேலை. பதினாலாவதுல என்ன குறை? அதையும் சொல்லிடுங்க.

அண்ணி: உனக்குத் தெரியாதா? போடு. நான் நிறுத்தச் சொன்ன இடத்துல இருந்து நீயே போடு.

போன்: அன்று மாலை ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மெல்லக் குறைந்தது. என் தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். எனக்குப் பயமில்லை. கடைசி நேரத்தில் நான் தனியாக—

அண்ணி: போதும்.

தங்கை: அண்ணி, அது வந்து...

அண்ணி: அந்த நேரத்துல நீ எங்க இருந்த?

தங்கை: ஆஸ்பத்திரிலதான்.

அண்ணி: அந்த ரூம்ல நீ இல்ல. இதை நீ எழுதினியா, இல்ல முடி வெட்டினதை இழுத்த மாதிரி அதுவா இழுத்துக்கிச்சா? அதை மட்டும் சொல்லு. அதுவா செஞ்சதுன்னா அதைத் திட்டிட்டுப் போறேன்.

தங்கை: ...நான் எழுதினது.

அண்ணி: கையைப் பிடிச்சிருந்தேன்னு.

தங்கை: ஆமா.

அண்ணி: வழியில டிராஃபிக்னு சொன்னியே.

தங்கை: எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நான் மத்தியானமே வந்துட்டேன் அண்ணி. கீழே வண்டி நிறுத்துற இடத்துல காருக்குள்ளயே உக்காந்திருந்தேன். மூக்குல குழாயோட அவரைப் பாக்க முடியாதுன்னு... இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு மூணு மணிநேரம் ஓடிருச்சு. நீங்க போன் பண்ணி முடிஞ்சதுன்னு சொன்னப்புறம்தான் மேல வந்தேன்.

அண்ணி: கீழயா இருந்த...

தங்கை: "கடைசி நேரத்தில் அருகில் இருந்தது யார்?"னு கேள்வி வந்துச்சு. போன்தானேன்னு, நான் எப்படி இருந்திருக்கணுமோ அப்படி எழுதிட்டேன். நீங்களும் எழுதுவீங்க, உங்களோடதைத்தான் எடுத்துக்கும்னு நெனச்சேன். அப்புறம் அவர் குரல்லயே வரவும்... இன்னும் நாலு தடவை கேட்டா நானே நம்பிருவேன். அவர் விரல் சூடு கூட ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு.

அண்ணி: அப்படி ஆக்கிடும் அது.

தங்கை: இப்பவே திறக்கிறேன். என் பதிலை அழிச்சிடுறேன், நீங்க உள்ளதை எழுதுங்க. நான் பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சாலும் பரவாயில்ல.

அண்ணி: அழிக்காத.

தங்கை: ஏன்? இதுக்குத்தானே இவ்வளவு கோபம்?

அண்ணி: இதுக்குத்தான்.

தங்கை: பின்ன? பக்கத்துல இருந்தது நீங்க. கையைப் பிடிச்சிருந்தது நீங்க. அதை எழுதுறதுக்கு என்ன? இதையும் உங்களோடதுன்னு ஒளிச்சு வைக்கப் போறீங்களா?

அண்ணி: மத்ததெல்லாம் என்னோடதுன்னு ஒளிச்சேன். இது என்னோடது இல்லன்னு விட்டேன்... அவருக்கு அப்ப கண்ணு தெரியலை. நான் பிடிச்சிருந்த கையைத் தடவிப் பாத்துட்டு, உன் பேரைச் சொல்லி "வந்துட்டியா"ன்னு கேட்டாரு. நான் வாயே திறக்கலை. மறுபடியும் உன் பேரைச் சொல்லித்தான் கேட்டாரு. அப்புறம்... "வந்துட்டேன் அண்ணா"ன்னு சொன்னேன்.