சரி என்று மட்டும் சொன்னவர்

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றேன். "சரி சார்" என்று போனீர்கள். இப்போது பாருங்கள், நாக்கில் ஒட்டுகிறது. பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். "ஒரு காபி, சர்க்கரை இல்லாமல்" என்று அப்போதே திருப்பிச் சொல்லியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பயிற்சிப் பிரிவிலிருந்து வந்திருக்கிறீர்களே என்று சொன்னேன்.

இருபத்திரண்டு வருஷமாக ஜன்னல் இல்லாத அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பனிமூட்டத்தில் விமானிக்குத் தரை தெரியாது. ஓடுபாதையிலிருந்து வரும் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, கருவியைப் பார்த்தபடியே இறங்க வேண்டும். அந்தச் சிக்னல் வரை அவரைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. எந்தத் திசை, எவ்வளவு உயரம், காற்றழுத்தம் என்ன, எந்த ஓடுபாதை என்று ரேடியோவில் சொல்வேன். அவர் அத்தனையையும் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ரோஜர்" என்றால் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். என்ன விழுந்தது என்று யார் கண்டது? அழுத்தத்தில் ஓர் எண் பிசகினாலும் உயரம் காட்டும் கருவி பொய் சொல்லும்.

என் தங்கை கணவர் விமானி. கெட்டிக்காரர், கலகலப்பானவர், ரேடியோவில் மட்டும் வாய்ச் சோம்பேறி. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் தொட்டுக்கொள்ள நான்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு என் குரலில் ஆரம்பிப்பார். "மச்சான், உப்பு டப்பா உங்க இடது பக்கம், தூரம் ரெண்டு அடி, இறக்க அனுமதி. திருப்பிச் சொல்லுங்க." என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிடும். தங்கை கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும் சிரித்தேன். பதினோரு வருஷம் சிரித்தேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே ஒரு தடவை, பதிவாகிற ரேடியோவில், ஒரு சொல் விடாமல் அவர் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஒரு மனிதன் இதைவிடச் சின்னதாக என்னதான் ஆசைப்படுவது?

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது தங்கை போன் செய்தாள். "அண்ணா, இன்னைக்கு நானும் அவர் ஓட்டுற ஃப்ளைட்லதான் வர்றேன். அங்க ஒரே பனியாமே, பத்திரமா இறக்கிவிடு."

"இறக்கிவிட்டா போச்சு" என்றேன்.

ஒவ்வொரு விமானத்துக்கும் எங்களிடம் ஒரு காகிதச் சீட்டு உண்டு. பக்கத்து மேஜைக்காரர் தன் பங்கு முடிந்ததும் அதில் குறித்து அடுத்தவரிடம் நகர்த்துவார். பக்கத்து மேஜையில் இருந்தவரை நாங்கள் டீச்சர் என்போம், கையெழுத்து அவ்வளவு அழகு. மாப்பிள்ளையின் விமானம் பனியால் அவர் பகுதியில் ஏற்கெனவே நெடுநேரம் சுற்றியிருந்தது. சீட்டில் சிவப்பு மையில் எழுதித் தந்தார்: எரிபொருள் நாற்பது நிமிடம். தந்துவிட்டு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனார்.

திசை, உயரம், அழுத்தம், ஓடுபாதை எல்லாம் சொன்னேன். "ரோஜர்" என்றார் மாப்பிள்ளை. முழுதாகத் திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததிலேயே விமானம் சிக்னலைத் தாண்டிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம்.

இரண்டாம் முறை திசையைச் சொன்னார், உயரத்தைச் சொன்னார், ஓடுபாதையைச் சொன்னார். "மத்தது புரிஞ்சுது" என்று முடித்தார். மத்தது என்பது எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்? அழுத்தத்தைக் கேட்டேன். மறுபடி தாண்டிவிட்டார். மறுபடி பன்னிரண்டு.

அப்போதுதான் சொன்னார். "எரிபொருள் கொஞ்சம் கம்மியா இருக்கு. சீக்கிரம் இறக்கிவிட்டா நல்லது."

கொஞ்சம் கம்மி என்று எங்கள் புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. அவசரம் என்றால் "மேடே" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மற்ற எல்லோரும் வழிவிட்டே ஆக வேண்டும். நீங்கள் அவசரநிலை அறிவிக்கிறீர்களா என்று நானாகவும் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது, கேட்டே தீர வேண்டும் என்று இல்லை. "புரிந்தது. உங்களுக்கு முன்னால் இரண்டு சரக்கு விமானங்கள். வரிசையில் மூன்றாவதாக வரவும்" என்றேன்.

மச்சானிடம் மேடே சொல்வதா என்று யோசித்திருப்பார். பிறகு சொன்னார். மூன்று முறை. சரக்கு விமானங்களை உடனே விலக்கினேன். திசை, உயரம், அழுத்தம், ஓடுபாதை என்று நான் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எண்ணாகப் பிரித்து, சின்ன நடுக்கத்தோடு திருப்பிச் சொன்னார். அந்தப் பதிவை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கேட்காதீர்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இறங்கினார். ஓடுபாதையில் ஓடும்போதே ஓர் இன்ஜின் நின்றது. திரும்பும்போது மற்றதும் நின்றது.

விசாரணையில் என் பேச்சில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். எரிபொருள் குறைவை நேரத்தில் அறிவிக்கவில்லை என்று மாப்பிள்ளையின் உரிமம் போயிற்று. டீச்சர் எழுதித் தந்ததாகச் சாதித்தார். கோப்பில் இருந்த சீட்டில் சிவப்பு மையே இல்லை. ஞாபகப் பிசகு என்று சொல்லி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பாவம், மூன்று நாள் அழுதார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினேன்.

இப்போது வீட்டில் உப்பு கேட்டால், "உப்பு, மச்சான். இடது பக்கம்" என்று மாப்பிள்ளை தணிந்த குரலில் திருப்பிச் சொல்கிறார். யாரும் சிரிப்பதில்லை. "அண்ணன் இல்லன்னா நாங்க இல்ல" என்று தங்கை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பதிவைப் புதியவர்களுக்கு மாதிரிப் பாடமாகப் போடப் போகிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் நீங்கள் நீட்டிய படிவத்தில் "ஆவணங்கள் முழுமையானவை" என்று இருக்கிறது. முழுமையில்லாத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. டீச்சரின் அசல் சீட்டு இதோ. கோப்பில் இருப்பது அன்று மத்தியானம் நான் உட்கார்ந்து எழுதியது.

நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நாற்பது நிமிடத்துக்குத்தான் எரிபொருள் என்று எனக்குத் தெரியும். தங்கை உள்ளே இருப்பதும் தெரியும். அறுபத்தெட்டுப் பேரைத் தெரிந்தே சுற்றவிட்டேன். பிறகு சீட்டை மாற்றினேன். எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் என்பதை விட்டுவிடாதீர்கள்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? தலையாட்டினால் போதாது சார். முதலிலிருந்து திருப்பிச் சொல்லுங்கள்.