பத்து விநாடி மேடத்துக்கு மருந்தகத்தார் படிக்கும் மடல்

மூச்சுக்கு முறை சொன்னவரே, மருந்தோடு அதை எடுக்கும் வகையையும் சேர்த்தே கொடுத்தவரே, முப்பத்தோராண்டு எங்களை வழிநடத்தி இன்று பணி ஓய்வு பெறும் தலைமை மருந்தாளுநர் மேடம் அவர்களே, வணக்கம்.

இன்ஹேலர் வாங்க வந்த யாரையும் நீங்கள் சும்மா அனுப்பியதில்லை. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கிக் காட்டச் சொல்வீர்கள். காற்றில் அடித்துவிட்டு அதற்குள் முகத்தை நீட்டிய பேராசிரியரைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. ‘பத்து விநாடி மேடம்’ என்பது வரிசையில் நின்றவர்கள் உங்களுக்கு வைத்த பெயர்.

அந்த வரிசையில் நின்ற கால்பந்து நடுவர் ஒருவரைப் பற்றி எழுத அவரே அனுமதி தந்தார். நடுவராகத் தொடர அவர் தேற வேண்டிய ஓட்டத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. இரண்டு சுற்றிலேயே அவருக்கு இரைத்தது. இரைப்பைத் தணிக்கும் நீல இன்ஹேலரை, அந்த நீல பம்பை, அடிக்க அடிக்க ஓட்டம் வரும் என்று நம்பினார். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. பயம்தான் என்று தள்ளிவிட்டார்.

“ஒரே மாசத்துல மூணாவது பம்பா சார்?” என்று கேட்டீர்கள்.

“தேர்வுல தோத்தா விசில வாங்கி வெச்சுக்குவாங்கம்மா. சீக்கிரம் குடுங்க.”

“உங்க ஆட்டத்துல ஒருத்தர் ரெண்டு மஞ்ச அட்டை வாங்கினா?”

“வெளிய அனுப்பிடுவேன்.”

“அப்ப கிளம்புங்க, டாக்டர் ரூமுக்கு. மருந்து என் கையில இருக்கு, நானும் வரேன்.”

வரிசை முணுமுணுத்தது. “எங்களுக்கு யாரு குடுப்பா?”

“இந்தப் பொண்ணு குடுக்கும். இதுக்கும் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும்” என்று எங்களில் ஒருத்தியைக் காட்டினீர்கள்.

ஊரையே மைதானத்தை விட்டு அனுப்பிய மனிதர், முகம் சிவக்க உங்கள் பின்னால் நடந்தார். கை நடுங்கியது பயத்தால் அல்ல, நீல பம்பை அளவுக்கு மீறி அடித்ததால் என்று மருத்துவர் சொன்னது அவருக்கு உறைத்தது. நீல பம்ப் மூச்சுக்குழலைக் கொஞ்ச நேரம் திறக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்காது. அடிக்கடி தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை. தினமும் எடுக்கத் தடுப்பு பம்ப் தந்தார், எடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னார். நீலம் இரைப்பு வரும்போது மட்டும், சொன்ன அளவுக்கு.

திங்கள்தோறும் நீங்கள் போன் செய்து, “போன வாரம் நீலம் எத்தனை தடவை?” என்று கேட்டீர்கள். ஒன்பது என்றார். பிறகு நான்கு. பிறகு ஒன்று. மருத்துவர் ஓடலாம் என்றார்.

தேர்வன்று நீல பம்ப் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. எல்லாச் சுற்றும் ஓடினார். பத்து வயது இளையவரை முந்தினார். வீட்டுக்குக்கூடப் போகாமல், வியர்வை சொட்டச் சொட்ட நம் கவுன்டருக்கு வந்தார்.

“முழுசா ஓடிட்டேன்மா.”

“காலைல தடுப்பு பம்ப் எடுத்தீங்களா?”

“எடுத்தேன். கொப்பளிச்சேன்.”

அதன் பிறகுதான் நீங்கள் சிரித்தீர்கள். வரிசை முழுவதும் கைதட்டியது.

வென்றவர் அவர் மட்டும் அல்ல, மேடம். இந்த ஊரில் இன்று நிம்மதியாக மாடி ஏறும் பலர் அந்த வரிசையில் நின்றவர்கள். நோயற்ற உடலோடும் நிறைந்த மனத்தோடும் நீங்கள் நெடுநாள் வாழ்க. சனிக்கிழமை இறுதிப் போட்டிக்கு அவர்தான் நடுவர். முன்வரிசையில் உங்களுக்கு ஓர் இருக்கை பிடித்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
மருந்தகப் பணியாளர்கள்