நோட்டில் இருந்தவர்

தேராக் கரையிலிருந்து புறப்பட்ட அப்ரா படகில், என் எதிரே நாணய மாற்றுக் கடை ஊழியர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் ஒரு பிரிட்டிஷ் நோட்டின் படத்தைத் திறந்து, போனைப் பெரியவரிடம் கொடுத்தார்.

“காக்கா, இவரு யாரு தெரியுமா? யுத்தத்துல எதிரியோட ரகசியச் செய்தியெல்லாம் உடைச்சுப் படிச்சவரு. கம்ப்யூட்டருக்கே வழி போட்டவரு.”

“அப்ப ராசா மாதிரி வச்சிருப்பானுவ.”

இளையவர் குரலைத் தாழ்த்தினார். “எங்க? ஆம்பளையோட பழகுனாருன்னு கேஸ் போட்டு, ஆசைய அடக்குற மருந்தக் குடுத்துச் சீரழிச்சானுவ. சின்ன வயசுலயே மௌத்தாயிட்டாரு. ரொம்ப வருசம் கழிச்சு, அவரை மன்னிச்சிட்டோம்னு அறிவிச்சாங்க.”

பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

“நாட்டைக் காப்பாத்துனது அவரு. கொடுமை பண்ணுனது இவனுவ. மன்னிக்கிற அதிகாரமும் இவனுவளுக்கேவா?”

படகு கரையைத் தொட்டது. இளையவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.