பூட்டின ஐஸ் பேக்டரி

நபாரி: பூட்டியிருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மான்சா அக்கா.

மான்சா: பூட்டியிருக்கு வாத்தியாரே. இவ்ளோ பெரிய பூட்டு.

நபாரி: போன்ல கையை விரிச்சுக் காட்டினா எனக்கு எப்படித் தெரியும்?

மான்சா: படம் அனுப்பிட்டேன். பாரு.

நபாரி: சுத்துது... சுத்துது... வடக்குல இந்தத் தமாலேல சிக்னல் கிடைக்கிறதுக்குள்ள தேர்தலே முடிஞ்சிடும்... ஆ, வந்துடுச்சு. மேல வேட்பாளர் அமிஸ்ஸா பேரு, கீழ பூட்டு. அடடா.

மான்சா: அங்க விவாத மேடையில அந்த அமிஸ்ஸா என்ன பேசுறான்?

நபாரி: ஒரு காதுல நீங்க, இன்னொரு காதுல நேரலையில அவருதான். "எங்க ஊர்க் கரையில நான் கட்டின ஐஸ் பேக்டரி ஓடிக்கிட்டிருக்கு, ஒரு படகுகூட ஐஸ் இல்லாம கடலுக்குப் போறதில்லை"ன்னு நெஞ்சைத் தட்டி நாலு நிமிஷம்கூட ஆகலை. நாம அதுக்குள்ள கதவு முன்னாடி நிக்கிறோம்.

மான்சா: நிக்கிறது நான். நீ பள்ளிக்கூடத்துல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருக்கே.

நபாரி: சரி, நீங்க. கடல்ல படகு தெரியுதா?

மான்சா: ஒண்ணுகூட இல்லை. எல்லாம் மணல்ல ஏறிக் கிடக்கு.

நபாரி: ஒண்ணுகூடவா?

மான்சா: ஆம்பளைங்க எல்லாரும் கிழிஞ்ச வலையைப் பொத்திட்டு உட்கார்ந்திருக்காங்க. வேணும்னா அதையும் படம் எடுக்கட்டுமா?

நபாரி: எடுங்க எடுங்க. உள்ள மோட்டார் ஓடுற சத்தம் ஏதாவது...

மான்சா: இந்த அலைச் சத்தத்துல எனக்கு என்ன கேக்கும்?

நபாரி: போதும். போடுறேன் அக்கா. 'சல்லடை சரிபார்த்தது: பொய்.' சிவப்பு முத்திரை. படம் ஒண்ணு, படம் ரெண்டு... போட்டாச்சு.

மான்சா: போட்டுட்டியா? அவ்ளோதானா?

நபாரி: அவ்ளோதான். எழுநூறு பேர் பார்த்துட்டாங்க. ஆயிரத்து இருநூறு. அக்கா, மூணு வருஷமா இந்தச் 'சல்லடை' பக்கத்தை ஓட்டுறோம், இப்படி ஓடினதே இல்லை.

மான்சா: மேடையில தெரிஞ்சிடுச்சா?

நபாரி: இருங்க, இருங்க... நடத்துறவர் போனைப் பார்க்கிறார்... வாசிக்கிறார் அக்கா. நம்ம பேரைச் சொல்லி வாசிக்கிறார். "சல்லடைன்னு ஒரு குழு, இந்த நிமிஷம் உங்க பேக்டரி வாசல்ல நிக்கிறாங்க, பூட்டியிருக்காமே"ன்னு...

மான்சா: அவன்? அவன் மூஞ்சி எப்படி இருக்கு?

நபாரி: தண்ணி பாட்டிலைத் தேடுறார். கூட்டம் சிரிக்குது. வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு.

மான்சா: நல்லா வேர்க்கட்டும். இன்னும் வேர்க்கட்டும். இன்னிக்கு நான் மக்காச்சோளக் கெங்கியும் பொரிச்ச மீனும் ரெண்டு பங்கு தின்னப் போறேன்.

நபாரி: எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைங்க... ஒரு நிமிஷம். கீழ கருத்து எழுதுறாங்க. ஒருத்தர் நம்மளைப் பார்த்து சிரிக்கிறாரே.

மான்சா: அவனோட ஆளா இருக்கும். விடு.

நபாரி: இன்னொருத்தரும்... "செவ்வாய்க்கிழமை எந்தப் பைத்தியக்காரன்டா கடலுக்குப் போவான்?" இதுக்கு நானூறு லைக். அக்கா, செவ்வாய்க்கிழமைன்னா என்ன?

மான்சா: அதை விடு, அவன் மூஞ்சியைப் பாரு.

நபாரி: அக்கா? கேட்டதுக்குச் சொல்லுங்க.

மான்சா: என்னத்தைச் சொல்ல?

நபாரி: செவ்வாய்க்கிழமை என்ன?

மான்சா: கடலுக்கு ஓய்வு நாள். எங்க கரையில யாரும் படகு இறக்க மாட்டாங்க. இறக்கினா மீனவர் தலைவர் கூப்பிட்டுத் தண்டம் போடுவார்.

நபாரி: அப்போ ஐஸ் பேக்டரி...

மான்சா: படகு போகாத நாள்ல ஐஸை யாருக்கு விக்கிறது? கதவைப் பூட்டிடுவாங்க.

நபாரி: நாளைக்கு?

மான்சா: விடியறதுக்கு முன்னாடி திறப்பாங்க.

நபாரி: நான் வடக்குல பொறந்தவன். எனக்குத் தெரிஞ்ச தண்ணியெல்லாம் ஆடு குடிக்கிற குட்டைதான். நீங்க அந்தக் கரையிலயே பொறந்தவங்க.

மான்சா: நீ பூட்டியிருக்கான்னுதான் கேட்டே. பூட்டியிருந்தது.

நபாரி: வலை பொத்துறாங்கன்னு வேற சொன்னீங்க.

மான்சா: பொத்தினாங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலை.

நபாரி: சொல்லலை. தப்பு என் மேலயும் இருக்கு. முத்திரை குத்தறதுக்கு முன்னாடி "வேற காரணம் இருக்கா"ன்னு ஒரு தடவை கேக்கணும். விதியை எழுதினதே நான்தான். இன்னிக்குத்தான் கேக்கலை. வேகத்துல...

மான்சா: கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நபாரி: ஏன் அக்கா? அந்த ஆளு மேல அப்படி என்ன?

மான்சா: படகுக்கு அரசாங்கம் குறைஞ்ச விலையில குடுக்கிற பெட்ரோல் தெரியுமா? எங்க கரைக்கு வர்ற டேங்கரை அவன் ஆளுங்க வழியிலேயே திருப்பிடுறாங்க. மிச்சம் மீதில தண்ணி கலந்து எங்களுக்கு விக்கிறாங்க. போன மாசம் என் புருஷனோட இன்ஜின் நடுக்கடல்ல நின்னுபோச்சு. ரெண்டு நாள் தம்பி. ரெண்டு நாள் நான் இந்த மணல்லயே உட்கார்ந்திருந்தேன்.

நபாரி: ...திரும்பி வந்துட்டாரா?

மான்சா: வந்தாரு. வேற ஊர்ப் படகு ஒண்ணு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் தண்ணில காலையே வைக்கலை.

நபாரி: இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?

மான்சா: சொன்னா "சம்பந்தப்பட்டவங்க சரிபார்க்கக் கூடாது"ன்னு இன்னொரு விதி வாசிப்பியே.

நபாரி: வாசிச்சிருப்பேன்தான்... இருங்க. பெட்ரோலைப் பத்தித்தான் இப்போ கேள்வி. "ஒரு சொட்டுகூட வேற பக்கம் போகலை, எல்லாம் மீனவனுக்கே"ன்னு சொல்றாரு.

மான்சா: பொய். அதுதான் பொய். டேங்கர் எங்க ஊர்ப் பலகையைத் தாண்டி நிக்காம ஓடுறதை என் தம்பி மூணு தடவை படம் பிடிச்சிருக்கான். வண்டி நம்பரோட. இப்பவே அனுப்புறேன், போடு.

நபாரி: போட்டா யார் நம்புவாங்க? "செவ்வாய்க்கிழமை தெரியாத பசங்க"ன்னு பாதிப் பேர் ஏற்கனவே சிரிக்கிறாங்க. இப்பத்தான் அவருக்கும் செவ்வாய்க்கிழமை ஓய்வுன்னு யாரோ காதுல சொல்லிட்டாங்க, பாருங்க, கையைத் தூக்குறாரு. அடுத்து நம்மளைக் கிழிப்பாரு. அப்புறம் பெட்ரோலும் பொய், நாமளும் பொய்.

மான்சா: அப்போ என்ன பண்ணச் சொல்றே?

நபாரி: அவரு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாமளே சொல்லணும். நாங்க தப்பு, அவரு சொன்னது சரி, பேக்டரி ஓடுதுன்னு. பச்சை முத்திரை குத்தி. அதுக்கப்புறம் டேங்கர் படம்.

மான்சா: அவனுக்கு நான் பச்சை குத்தணுமா?

நபாரி: ஐஸுக்கு மட்டும் அக்கா. பெட்ரோலுக்கு சிவப்பு. ஆனா வெறும் வாய்ப் பேச்சு பத்தாது, உள்ள ஐஸ் இருக்கிற படம் வேணும். சாவி வெச்சிருக்கிறவர் வீடு பக்கமா?

மான்சா: பக்கம்தான்.

நபாரி: ஆளு எப்படி? கெஞ்சிக் கேட்டா திறப்பாரா?

மான்சா: அவளுக்கு அங்கதான் சம்பளம். டேங்கர் படம் வெளிய வந்தா நாளைக்கே வேலை போயிடும்.

நபாரி: அப்போ திறக்க மாட்டாங்களா... அவரு முறை மறுபடி வர இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு அக்கா. ஓடிப் போய்க் கூப்பிடுங்க. காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிங்க. என்ன சத்தம் அது? ஏதோ இரும்பு... அக்கா, கதவா? யார் திறந்தது? வந்துட்டாங்களா?

மான்சா: யாரும் வரலை தம்பி. அந்தச் சாவிக்காரி நான்தான், சாவி காலையிலேர்ந்து என் இடுப்புலதான் இருக்கு. படம் அனுப்புறேன், பாரு... கூரை வரைக்கும் ஐஸ்.