ரிப்பீட்டர்ல சத்தம் நின்னது எப்படி

பாத்து வாங்க செக்ரட்டரி சார், கடைசிப் படி கொஞ்சம் ஆடும். ஸ்பேனரோடவே வந்துட்டீங்களா? சரி, கழட்டறதா இருந்தா கழட்டுங்க, யார் வேணாம்னா. மொதல்ல மூச்சு வாங்கிக்கங்க. இந்த மொட்டமாடிக்கு நேர் கீழ குடியிருக்கேன், எனக்கே முட்டி என்னடா வேலை இதுன்னு கேக்குது.

ஆமாமா, சத்தம் நின்னுடுச்சு. ஏன் நின்னுச்சுன்னு தெரியாம நம்ம ஹாம் ரேடியோ கிளப்போட ரிப்பீட்டர இங்க வெச்சிருக்க முடியாதுங்கறீங்க. நியாயம்தான். நாளைக்கே திரும்ப வந்தா? இது ஒரு காது, ஒரு வாய், அவ்வளவுதானே. மலை ஏறப் போனவன் கைசெட்டுல சன்னமாப் பேசறத வாங்கி, ஊருக்கே கேக்கற மாதிரி திருப்பிச் சொல்லணும். அந்தச் சத்தம் காதுல பஞ்சா அடைச்சா, அங்க ஒருத்தன் கால் ஒடிஞ்சு கத்தினாலும் இதுக்குத் தெரியாது.

தேடாமயா இருந்தோம்? நம்ம வாயே நம்ம காதக் கெடுக்குதோன்னு டிரான்ஸ்மிட்டர அணைச்சுப் பாத்தோம். அப்பவும் டர்ர்ர்... ஒரு மூச்சு விட்டு, திரும்ப டர்ர்ர். ஆன்டெனா வயரப் பிடுங்கினோம், ரிசீவர் கப்சிப். அப்ப வெளியிலேர்ந்துதான் வருது. அப்புறம் தெருத்தெருவா உங்க ஊர்வலம். முன்னாடி நம்ம பேங்க்காரர், மீன்முள்ளு மாதிரி ஒரு ஆன்டெனாவத் தூக்கிட்டு, தொண்டையக் கனைச்சுக்கிட்டு, நண்பர்களே, வடகிழக்கு, சந்தேகமேயில்ல. பின்னாலயே பல் டாக்டர், மன்னிக்கணும், எனக்கென்னவோ தென்மேற்குன்னு படுது. தையல்கடையில போய் மிஷின நிறுத்துங்கன்னா, அந்தம்மா, ஏன், நான் தைக்கறது உங்க ரேடியோவுக்கு உறுத்துதான்னாங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க, தப்பில்ல.

எட்டுத் திக்கும் திருப்பினோம் சார். யாரும் கீழ பாக்கல. காலடிக்கு யாரு ஆன்டெனாவத் திருப்புவாங்க? நானும் திருப்பல. ஒருநாள் கைசெட்ட அணைக்க மறந்து, அப்படியே சாப்பிட இறங்கினேன். படுக்கையறை வாசல்ல கால வெச்சதும் அலறுது.

கட்டில்ல என் சம்சாரத்துக்குப் போட்டிருந்த காத்து மெத்தை. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு முதுகு புண்ணாகாம இருக்க, ஒரு பக்கம் ஊதும், ஒரு பக்கம் இறங்கும். அதோட பம்பு. பிளக்கப் பிடுங்கினேன். டர்ர்ர் போயிடுச்சு. அவ கண்ணத் தொறந்து, என்னங்க, கீழ போறேனே, அப்படின்னா. திரும்ப சொருகிட்டேன்.

செஞ்சேன் சார், அதெல்லாம் செய்யாமயா? வயர்ல இரும்பு வளையம் மாட்டிப் பாத்தேன், கொஞ்சம் அடங்குச்சு, அவ்வளவுதான். வேற பம்பு வாங்கினேன், அது இதுக்கு அண்ணன். அப்புறம் மேல ஏறி வந்து, நீங்க சொன்னதுதான் சரி சார், வடகிழக்குதான்னு பேங்க்காரரக் கிளப்பி விட்டேன். பாவம், நல்ல வெயில்.

கோவப்படுங்க, பரவால்ல. ஆனா ஸ்பேனர உள்ள வெச்சுடுங்க. மெஷின் இங்கயே இருக்கலாம், இனிமே வராது.

உறுதியாத்தான் சொல்றேன். வியாழக்கிழமை காலையில டாக்டர் வந்து நாடி பாத்தார், கையக் கழுவிட்டுப் போயிட்டார். நான்தான் ஸ்விட்ச அணைச்சேன். மெத்தை முழுசா இறங்க கொஞ்ச நேரமாச்சு, பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பையன் வந்தான், ஆக வேண்டியதெல்லாம் பாத்தான், ஊருக்குத் திரும்பிட்டான்.

உங்களுக்கெல்லாம் சொல்லணும்னு அன்னிக்கே மைக்க எடுத்தேன் சார். லைன் அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. எல்லாரும் ஒரே குதூகலம், சத்தம் போயிடுச்சு, நம்ம ஆளு கண்டுபுடிச்சுட்டாருய்யான்னு. நீங்ககூட வாழ்த்து சொன்னீங்களே.

நன்றின்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.